பத்தொன்பதாம் தேதி வரை

இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது லிரா… ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை, நாஸேவுக்கு அது மனப்பாடம், பிப்ரவரிப் பனியில் செவ்தின் வீடு தேடி வந்து அவள் கையில் முன்பணமாக வைத்தது இரண்டாயிரத்து ஐநூறு, அப்புறம் மகள் கெஸாலின் கடைவாய்ப் பல்லுக்கு முந்நூறு, இந்தக் கருங்கடல் மலைக்கு வரும்போது லாரியில் ஆளுக்கு முப்பதாக அறுபது, ஆயிற்று, இனி அதை ஹேசல் கொட்டையாகப் பறித்துக் கழிக்க வேண்டும், கிளையை வளைத்து, பச்சைக் கொத்தைத் திருகி, கூடையில் போட்டு, மறுபடி கிளை… நாள் கூலி நாற்பத்திரண்டு, ஆள் சேர்த்துக் கொண்டுவந்ததற்குச் செவ்தினுக்கு அதில் நாலு, மிச்சம் முப்பத்தெட்டு, அவளுக்கும் மகளுக்கும் சேர்த்து எழுபத்தாறு, வந்து பதினேழு நாள், மழையில் மூன்று போனது, பதினாலு நாளைக்கு ஆயிரத்து அறுபத்து நாலு, இன்னும் இருக்கிறது, நிறைய இருக்கிறது, ஆனால் இன்றைக்குக் கணக்கு அது இல்லையே, காலையிலிருந்து எதை எண்ணத் தொடங்கினாலும் வேறொன்றில்தானே போய் முட்டுகிறது. இன்றைக்கு ஆகஸ்ட் பத்தொன்பது. இன்றைக்கு என்பது சாயங்காலம் ஐந்து மணி வரைதான்.

"அம்மா, பன்னெண்டாச்சு," என்றாள் கெஸால் பக்கத்துப் புதருக்குள்ளிருந்து, முகம் தெரியவில்லை, குரல் மட்டும். தெரியும்டி என்றாள் நாஸே. தெரியாமலா இருக்கும், இருபது வருடமாக எண்ணுகிறவளுக்குப் பன்னிரண்டு மணி தெரியாதா. போன வாரம் வக்கீலம்மா தியார்பக்கரிலிருந்து போன் செய்தாள், சின்னப் பெண், கெஸாலைவிட எட்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம், ஆனால் பேச்சு நீதிபதி மாதிரி. "நாஸேம்மா, இருபது வருஷம் முடியுது. உங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோன ஆள் யாருன்னு தெரியலன்னா பத்தொம்பதாம் தேதியோட ஃபைலைக் கட்டி அலமாரியில வச்சிடுவாங்க, அப்புறம் ஆண்டவனே வந்து சாட்சி சொன்னாலும் திறக்க மாட்டாங்க. ஒரு பேரு, புதுசா ஒரே ஒரு பேரு சொன்னீங்கன்னா நிறுத்திடலாம். இவ்வளவு தூரம் வர வேணாம், நீங்க இருக்கற ஊர்க் கோர்ட்டுலயே அஞ்சு மணிக்குள்ள சொல்லலாம், அடையாள அட்டை மட்டும் கையில இருக்கணும். நல்லா யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு யாரைப் பாத்தீங்க?" பார்க்கவில்லை என்றாள். பொய்யா? இல்லையே. பார்க்கவில்லை. காதால் கேட்டாள். கேட்டாயா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சரிவு இந்த இடத்தில் சுவர் மாதிரி நிற்கிறது, இடுப்பில் கயிறு கட்டி மேல் புதரோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால்தான் நிற்க முடியும், கால் வழுக்கினால் கயிறு விலாவை அறுக்கும், கீழே ஓடை, ஓடையோரம் அவர்களுடைய கூடாரங்கள், நீல பிளாஸ்டிக், மழைக்கு மேலே கல் வைத்தது. ஊருக்குள் வீடு தர மாட்டார்கள், கடைவீதிக்குக் கூட்டமாகப் போகக் கூடாது, ஆற்றுப் பாலத்திலேயே போலீஸ் லாரியை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கி, அட்டையை வாங்கி, பெயர் எழுதி, முகத்தைப் படம் பிடித்து, அட்டைகளை மொத்தமாக ரப்பர் போட்டுச் செவ்தினிடம் கொடுத்தார்கள், இவங்களுக்கு நீதான் பொறுப்பு, ஒருத்தர் குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்போம் என்று. கொட்டை பறிக்க வந்தவர்களா கோட்டை பிடிக்க வந்தவர்களா. செவ்தினின் சட்டைப் பையில் இருக்கிறது அந்தக் கட்டு, நெஞ்சுக்குப் பக்கத்தில், நாஸேயின் முகமும் அதில் ஒன்று.

கெஸால் முணுமுணுவென்று பாட ஆரம்பித்திருந்தாள், பறிக்கிற கைக்குத் தாளம் வேண்டாமா, சத்தமாகக்கூட இல்லை, அதற்குள் மேல் வரப்பிலிருந்து தோட்டத்துக்குச் சொந்தக்காரர் நெஜ்தெத்தின் மனைவியின் குரல். "ஏ பொண்ணு, இங்க அந்தப் பாஷைல பாடாத. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க காதுல விழுந்தா எங்களுக்குத்தான் வம்பு." சொன்னது துருக்கியில், கோபமாகக்கூட இல்லை, அடுப்பை அணைத்துவிடு என்பது மாதிரி. போன வருடம் அடுத்த பள்ளத்தாக்கில் அப்படித்தான், கல்யாணப் பாட்டு ஒன்றைப் போனில் போட்டார்கள் என்று கூடாரத்தின்மேல் கல் விழுந்தது. கெஸால் வாயை மூடினாள், கொத்தைத் திருகுகிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. அந்தம்மா போனதும் மூன்றாவது கயிற்றில் தொங்கிய ஃபாத்தோ, வாயில் எப்போதும் ஒரு கேலி வைத்திருப்பவள், "ஏண்டி கெஸால், குர்துப் பாட்டு கேட்டா கொட்டை கசந்துடுமாமா? அப்ப நாம தொட்டதெல்லாம் விஷமால்ல இருக்கணும்" என்றாள், புதர் புதராகச் சிரிப்பு ஓடியது. நாஸேவுக்கும் சிரிப்பு வந்தது, வந்து பாதியில் நின்றது. ரெஸோ ஞாபகம். மகன். இஸ்தான்புல்லில் சுவர் பூசுகிறான், இருபத்தாறு வயசு, போன் செய்தால் துருக்கியில்தான் பேசுகிறான், பஸ்ஸுல இருக்கேம்மா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்கம்மா, அப்புறம் பேசறேன். அப்புறம் என்பது எப்போது. பெற்ற மகனோடு பேசுவதற்கு அவளுக்கு வார்த்தை பற்றாது, துருக்கியில் அவளுக்குத் தெரிந்தது கூலி, மூட்டை, மருந்து, கையெழுத்து, காணவில்லை.

அந்த ரெஸோவின் ரத்தம் விழுந்த மடிதான் செவ்தினின் மடி. அதை எப்படி இந்த வக்கீல் பெண்ணுக்குச் சொல்வது, அவளும் குர்துப் பெண்தான், ஆனால் பட்டணத்தில் பிறந்தவள், கிரிவ் என்றால் மாமா சித்தப்பா மாதிரி ஒரு முறை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஐந்து வயதில் ரெஸோவுக்குச் சுன்னத்து, அவள் புருஷன் தெமோ நாலு ஊரில் யோசித்து, அக்கரை ஊர்ச் செவ்தினைக் கிரிவாகக் கேட்டான், கேட்டால் மறுக்கக் கூடாது, செவ்தின் ஆட்டோடும் புதுத்துணியோடும் வந்தார், பையனை மடியில் வைத்துக் கண்ணைப் பொத்திப் பிடித்துக்கொண்டார், வெள்ளைத் துண்டில் சொட்டாக விழுந்தது ரத்தம், அவ்வளவுதான், அந்த நிமிடத்திலிருந்து இரண்டு வீடும் ஒரே வீடு, ஒருவருக்கொருவர் கிரிவ், கூடப் பிறந்தவனைவிட மேல், இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுப் பையனுக்குக் கொடுக்கக் கூடாது, இவன் அவன்மேல் கை ஓங்கக் கூடாது, அவன் இவனுக்கு எதிராக எந்தக் கோர்ட்டிலும் வாய் திறக்கக் கூடாது. ஜென்மப் பகையைக்கூடக் கிரிவாகித் தீர்த்துக்கொள்வார்கள். கிரிவ் கிரிவுக்குத் துரோகம் செய்தால் என்ன என்று யாரும் சொல்லிவைக்கவில்லை… அப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்திருந்தால்தானே சொல்லிவைப்பதற்கு.

அடுத்த வருடம் அரசாங்கம் ஊர் ஊராகத் துப்பாக்கி கொடுத்தது, மாதச் சம்பளமும், உங்கள் மலையை அங்கே போராளியாக ஏறிய உங்கள் ஆட்களிடமிருந்து நீங்களே காவல் காத்துக்கொள்ளுங்கள் என்று. வாங்கின ஊர் நின்றது, வாங்காத ஊர் எரிந்தது. செவ்தின் வாங்கினார், தெமோ வாங்கவில்லை. அதற்காக இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, நோன்புப் பெருநாளுக்குச் செவ்தின் வந்தார், துப்பாக்கியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார், தெமோ, "அதையும் கூப்பிடு கிரிவ், வெளிய குளிருமே" என்று கேலி செய்தான், செவ்தின் சிரித்தார், அந்தச் சிரிப்பில் எங்காவது ஏதாவது இருந்ததா… இருபது வருடமாக அந்தச் சிரிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை, பற்களும் மீசையும்தான்.

"அம்மா, ஒன்றரை." ஒன்றரையா அதற்குள். கீழே ரோட்டிலிருந்து செவ்தின் ஏறி வந்துகொண்டிருந்தார், கைத்தடி ஊன்றி, காலையிலிருந்து இது மூன்றாவது தடவை, மற்ற நாளில் ஒரு தடவை வருவதே பெரிசு. மூட்டை எண்ண வந்தவர் மூட்டையைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மழை வருமா என்று பார்க்கிறாராக்கும் என்று நாஸே நினைத்தாள், மழையைக் கடிகாரத்திலா பார்ப்பார்கள். அறுபது தாண்டிவிட்டது அவருக்கு, முதுகு வளைந்துவிட்டது. ஊர் எரிந்த பிறகு நகரத்து ஓரத்தில் ஒரே அறையில் ரெஸோவோடும் வயிற்றுப் பிள்ளையோடும் அவள் கிடந்தபோது மாவு கொண்டுவந்து போட்டவர் இவர்தான், கெஸால் பிறந்தபோது மருத்துவச்சிக்குக் கூலி கொடுத்தவரும் இவர்தான், ரெஸோவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, குளிருக்குக் கோட்டு வாங்கி, ஒவ்வொரு குளிர்காலமும் முன்பணம், வட்டி கிடையாது, மற்றவர்களிடம் கறாராக நூற்றுக்குப் பத்து பிடிப்பவர் அவளிடம் சில வருடம் அதையும் பிடிப்பதில்லை. கிரிவ் என்றால் இவர்தான் கிரிவ் என்று ஊரே சொல்லும். தகப்பன் இல்லாத வீட்டைத் தாங்குகிறார். தகப்பன் ஏன் இல்லை என்று யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

கெஸால் புதரை விட்டு வெளியே வந்து அவளையே பார்த்தாள். அட்டையைக் கேளேம்மா என்று கண்ணால். கெஸாலுக்கு வக்கீலம்மா சொன்னது தெரியும், கடைசி நாள் என்பது தெரியும், யார் பெயர் என்பது தெரியாது. ஒரு பேர்கூடவா உனக்கு ஞாபகம் வரல, அன்னிக்கு வந்த சிப்பாய் ஒருத்தன் பேராவது, ஏதாவது ஒண்ணு சொல்லேன், நான் என் அப்பாவைப் பாத்ததே இல்ல, நீ பாத்ததையாவது சொல்லு, என்று நேற்றுப் பூராவும் சண்டை. வயிற்றில் நாலு மாதமாக இருந்தாள் அன்றைக்கு. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் காது கேட்குமா? கேட்டிருந்தால் இவளுக்குத் தெரிந்திருக்கும்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள் நாஸே. "கிரிவ்," என்றாள். "சொல்லுங்க கிரிவ்." "என் அட்டையைக் கொஞ்சம் குடுங்களேன், டவுனுக்குப் போகணும்." "என்னத்துக்கு?" "பல்லு வலி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்." அவர் அவள் தாடையைப் பார்த்தார், வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி, பிறகு கடிகாரத்தை, பிறகு ஓடையை. சட்டைப் பையில் கை போனது, கட்டைத் தொட்டது, அங்கேயே நின்றது. "போலீஸ்காரன் லிஸ்டு வச்சிருக்கான் கிரிவ், நடுவுல ஆள் போனா கேள்வி வரும். அஞ்சு மணிக்கு மேல தர்றேன். கிராம்பு இருக்கு என் கிட்ட, அதுவரைக்கும் வச்சுக் கடிச்சுக்கிட்டு இருங்க." கிராம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார், மூன்று கிராம்பு. அஞ்சு மணிக்கு மேல. சரி கிரிவ் என்றாள். சண்டை போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், என் அட்டை, என் முகம், கொடுய்யா என்று பையிலிருந்து பிடுங்கியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள், ஃபாத்தோவே இறங்கி வந்து கூடச் சேர்ந்திருப்பாள். சரி கிரிவ் என்றுவிட்டு ஏறினாள், ஏறும்போது நெஞ்சில் ஏதோ இறங்கியது, பாரம் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அதை அப்போது அவள் உற்றுப் பார்க்கவில்லை. கிராம்பை வாயில் போட்டாள், பல் வலியே இல்லாத வாய் மரத்துப்போயிற்று.

"தரலயா?" "அஞ்சுக்கு மேலயாம்." "அஞ்சுக்கு மேல அங்க யாரும்மா இருப்பா? வாட்ச்மேன் கிட்டயா சொல்லுவே?" கெஸாலின் கண்ணில் தண்ணீர், கோபத்தில் வருகிற தண்ணீர், துடைத்ததில் கொட்டைத் தோலின் கறை கன்னத்தில் கருப்பாக இழுபட்டது. "நான் போய்க் கேக்கறேன்." வேணாம்டி. "ஏன் வேணாம்?" வேணாம்னா வேணாம். ஏன் வேண்டாம்… கெஸால் கேட்டால் அவர் கொடுத்துவிடுவாரோ என்றுதானே. கொடுத்துவிட்டால் போகவேண்டும், போனால் மேஜைக்கு எதிரே உட்கார வேண்டும், ஒருவன் தட்டச்சு செய்வான், மொழிபெயர்க்க ஒருவன் வருவான், யார் பேர் என்பான். பிறகு அந்தப் பேரை இந்தப் பெண்ணின் எதிரில் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்ல வேண்டுமே. அது என்ன பேரோடு நின்றுவிடுகிற விஷயமா.

வைக்கோல் அறை. சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம், தெமோவே கட்டியது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, வெயில் கோழிக்கூண்டின் மேல் விழுந்திருந்தது, சிப்பாய்கள் வீட்டை இரண்டு தடவை கிளறினார்கள், கம்பியால் வைக்கோலைக் குத்தினார்கள், மாவுத் தொட்டியைக் கவிழ்த்தார்கள், அவளை மயிரைப் பிடித்து இழுத்துக் கேட்டார்கள், அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பாஷை தெரியாததும் ஒரு வசதி. கிளம்பிவிட்டார்கள். சத்தியமாகக் கிளம்பிவிட்டார்கள், ஒருவன் தண்ணீர்க் குடத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான், வெள்ளைக் கார் திரும்பி நின்றது. அப்போதுதான் களத்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், குர்துப் பாஷையில், அமைதியாக. "கிரிவ், வெளிய வா. ஒண்ணுமில்ல, கேள்வி கேட்டுட்டு விட்டுடுவாங்க. நான் இருக்கேன்ல." நாய் குரைத்துக்கொண்டிருந்தது. காற்றும் இருந்தது, இருந்ததா? இருந்தது. இல்லை, எண்ணிப் பார்த்தால் காற்று பிற்பாடுதான் வந்தது, ஊரை எரித்த அன்றைக்கு. இந்தக் காற்றை அவளே எடுத்து அந்தக் காலையில் வைத்துக்கொண்டாளா.

தெமோ வெளியே வரவில்லை. அந்தக் குரலுக்கு அவன் வரவில்லை, அதுதான். குரல் இரண்டாவது தடவை கூப்பிட்டது, அப்போதும் வரவில்லை, வைக்கோலில் ஒரு துரும்புகூட அசையவில்லை. அவள்தான்… ரெஸோ பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கிரிவ் வந்துவிட்டார், கிரிவ் வாயால் வா என்றால் அது வெறும் வார்த்தையா, மடியில் ரத்தம் விழுந்த மனுஷன், இனிமேல் ஒன்றும் ஆகாது, தேடிப் பிடித்தால் அடிப்பார்கள், தானாக வந்தால் அடிக்க மாட்டார்கள், எல்லாம் ஒரே மூச்சில் தோன்றி, வைக்கோல் அறையைப் பார்த்து அவள்தான் கத்தினாள், "தெமோ, கிரிவ்தான் கூப்பிடறாரு, வந்துடு, பயப்படாத." ஐந்து வார்த்தை. அவள் சொன்னதும் வந்தான். தலைமயிரில் வைக்கோல், காலில் செருப்பு இல்லை. அவளைப் பார்த்து ஒரு பார்வை, திட்டவில்லை, ரெஸோவின் தலையில் கை வைத்தான், வெள்ளைக் காரில் ஏறும்போது குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினாள். யாரும் இல்லை, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நாலைந்து பேர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள், துணிக்கு மேலே கண்ணெல்லாம் ஒரே கண்தான். மறுநாள் செவ்தின் ஒரு மூட்டை மாவோடு வந்தார். "ரெண்டு நாளா டவுன் போஸ்ட்டுல டூட்டி கிரிவ், இப்பத்தான் கேள்விப்பட்டேன்," என்றார், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். மாவை வாங்கிக்கொண்டாள். அதில்தான் அன்று ரொட்டி சுட்டாள்.

"மூணே முக்கால்," என்றது புதர். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. கீழே ரோட்டில் டவுனுக்குப் போகும் மினிபஸ் வளைந்து வளைந்து வந்தது, அதில் ஏறினால் நாலரைக்குக் கோர்ட்டு வாசலில் இறங்கலாம், அட்டை இல்லாமல் போனால் என்ன, போய் நின்று கத்தினால் உள்ளே விட மாட்டார்களா… ஓடைக்கு இந்தப் பக்கம் ஃபாத்தோ சிறுநீர் கழிக்க இறங்கினாலே தோட்டக்காரர் எண்ணிப் பார்க்கிறார். பஸ் நின்றது, யாரோ ஒரு கிழவர் கோழியோடு இறங்கினார், பஸ் போயிற்று. நாஸே கிளையை வளைத்தாள். கொத்து நாலு, கொத்து மூன்று, ஒன்று புழு அரித்தது. சனிக்கிழமை சனிக்கிழமை தியார்பக்கர் சதுக்கத்தில் தெமோவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாளே, நாற்பது ஐம்பது பெண்கள், எல்லார் மடியிலும் ஒரு முகம், எங்கள் ஆட்கள் எங்கே, கொண்டுபோனவன் யார் என்று கேட்பார்கள், போலீஸ் கேடயத்தோடு சுற்றி நிற்கும், ஒரு தடவை தண்ணீர் அடித்தார்கள், படம் நனைந்து தெமோவின் மீசை அழிந்தது. கொண்டுபோனவன் யார் என்று மற்றப் பெண்களோடு சேர்ந்து அவளும் கத்துகிறாள், தொண்டை புண்ணாகும்வரை. யார் என்று. அவளா கேட்பது. அந்தப் பெண்களுக்குத் தெரிந்தால் பக்கத்தில் உட்கார வைப்பார்களா. எழுத்துப் படிக்கவும் அவர்கள்தான் சேர்த்துவிட்டார்கள், ஐம்பத்திரண்டு வயதில், பொடிப்பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க, நாலு வருடம் ஆகிறது, இன்னும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் ஓடுகிறது, ஊருக்கெல்லாம் சொல்லவும் இல்லை, வெட்கம். முதலில் எழுதக் கற்றது தெமோவின் பெயர். இரண்டாவதாக ஒரு பெயர் எழுதிப் பார்த்து உடனே அழித்தாள்.

நிச்சயமாகத் தெரியாதே. அதுதான் விஷயம், நிச்சயமாகத் தெரியாது. குரல் என்பது என்ன, நாய் குரைக்கிற நேரத்தில், சுவருக்கு அப்பால், நான் இருக்கேன்ல என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கிரிவ் என்று யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், அக்கரை ஊரில் துப்பாக்கி வாங்கினவர்கள் பதினேழு பேர். தெரியாமல் ஒரு மனிதனின் தலையில் ரத்தத்தை வைப்பதா, அதுவும் கிரிவின் தலையில், இருபது வருடம் சோறு போட்டவரின் தலையில். அவராக இல்லாமல் இருந்தால்? அவராக இல்லாமல் இருந்தால் அவள் தெமோவைக் கூப்பிட்டது இன்னும் பெரிய பாவமாக ஆகிறதே, யாரோ ஒருவன் குரலுக்கு. அவராக இருந்தால் மாவு… எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நிற்கிறாள், ரெஸோ பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்துகொண்டு.

நாலரை. நாலே முக்கால். கெஸால் மணி சொல்வதை நிறுத்திவிட்டாள், அதனால் அது இன்னும் பலமாகக் கேட்டது. மேக மூட்டம் இறங்கி மலையின் கழுத்துவரை வந்துவிட்டது, கீழ்த் தோட்டத்தில் யாரோ யாரையோ திட்டினார்கள், மூட்டை சுமக்கிறவன் ஒருவன் வழுக்கி விழுந்து எழுந்தான், எங்கோ ஒரு ஊரில், பார்த்திராத ஒரு அலமாரிக்குள், ஒரு ஃபைல். அதில் தெமோவின் படம் குத்தியிருக்கும், ஊசி துருப்பிடித்திருக்கும். பிறகு கீழே ரோட்டில் ஐந்து மணி மினிபஸ் போயிற்று, ஐந்து தாண்டிவிட்டது. கெஸால் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், அவ்வளவு கொட்டையும் சரிவில் உருண்டு போயிற்று. ஃபாத்தோ மட்டும், "என்னடி, ஓடைக்குத் தீனி போடறியா, நெஜ்தெத் பாத்தா உன் கூலியில பிடிப்பான்" என்றாள், பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தாள்.

ஐந்தரைக்கு வேலை நின்றது. ரோட்டோரம் டீ, எல்லாரும் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், கருப்புக் கை கருப்புக் கையாகக் கண்ணாடித் தம்ளர்கள். செவ்தின் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக நாஸேவிடம் வந்தார், மற்றவர்களை விட்டுவிட்டு. முதலில் அட்டையைக் கொடுத்தார். "பல்லு எப்படி இருக்கு?" "மரத்துப்போச்சு." "நல்லது." பிறகு முழங்காலை ஒவ்வொன்றாக மடித்து அவள் எதிரே உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அவசரமில்லாமல். "உங்க கணக்கு முடிஞ்சுது கிரிவ்." என்ன முடிந்தது, இன்னும் ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தாறு இருக்கே என்றாள் அவள், வாய் தானாகக் கணக்குச் சொன்னது. "இருக்கட்டும். கிரிவுங்களுக்குள்ள என்ன கணக்கு. இது வரைக்கும் பறிச்சது, இனிமே பறிக்கிறது, எல்லாக் கூலியும் உங்க கைக்கே வந்துடும், ரெஸோ கல்யாணத்துக்கு வச்சுக்கங்க." ஃபாத்தோ டீயை ஊதிக்கொண்டே, "ஐயோ, எனக்கும் ஒரு மகன் பொறந்து உங்க மடியில உக்காந்திருக்கக் கூடாதா கிரிவ்!" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், செவ்தினும் சிரித்தார், பற்களும் மீசையும், மீசை இப்போது வெள்ளை. கண்கள் சிரிக்கவில்லை, ஈரமாக இருந்தன, பத்து நாள் தூங்காதவன் இன்றைக்குத் தூங்கலாம் என்று நினைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"ரேகை வச்சுடுங்க," என்று நோட்டை அவள் பக்கம் திருப்பி மடியில் வைத்தார். இருபது வருடமாக வைக்கிற கட்டைவிரல்தானே. மை டப்பாவைத் தேடி அவர் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தைப் பார்த்தாள். பேர்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக, குளிர்காலத்து நீல மையில். ஃபாத்தோ, ஆயிரத்து நானூறு, அதற்குப் பக்கத்தில் ஒரு எழுத்துக் கோவை, உதட்டை அசைக்காமல் கூட்டினாள், செப்… டம்… பர், பதினைந்து, வரை. அதற்கடுத்த பேருக்கும் செப்டம்பர் பதினைந்து வரை, அதற்கடுத்ததற்கும், எல்லாருக்கும் அறுவடை முடிகிற நாள். பிறகு நாஸே, தெமோவின் மனைவி. இரண்டாயிரத்து ஐநூறு. அந்த ஐநூறை எழுதிய அதே நீல மையில், அதே மூச்சில், பக்கத்தில்… பத்தொன்பது. ஆ… கஸ்ட். வரை. இன்னொரு தடவை கூட்டினாள், எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து மாறித் தெரியும் என்பார்களே. மாறவில்லை. முந்நூறும் அறுபதும் வேறு மை, பிற்பாடு சேர்த்தது. கருப்புக் கோடு இன்றையது. இது பிப்ரவரியில் எழுதியது. அவள் அறையில், அடுப்பு ஓரத்தில், வெளியே பனி, அவள் ஊற்றிக் கொடுத்த டீயை வைத்துக்கொண்டு, அவள் சர்க்கரைக் கட்டி எடுக்க எழுந்துபோன நேரத்தில் எழுதியது. வக்கீலம்மா போன் செய்தது போன வாரம்தானே. கேஸ் என்று ஒன்று இருப்பதையே அவள் அவரிடம் சொன்னதில்லையே. அப்படியானால் இருபது வருடமாக அவள் ஒருத்தி மட்டும் எண்ணவில்லை, எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இன்னொருவரும்… அஞ்சு மணிக்கு மேல தர்றேன். மூன்று கிராம்பு. அப்போது தன் நெஞ்சில் இறங்கியதே ஒரு பாரம், அது யாருடைய பாரம்? அவருடையதைத்தான் அவளும் சேர்ந்து இறக்கி வைத்தாளா, இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பிடித்து?

"மை காஞ்சுபோச்சு கிரிவ்," என்றார் செவ்தின், டப்பாவை மூடிக்கொண்டே. "பரவாயில்ல, உங்க விரல்லயே கறை இருக்கே, அப்படியே வைங்க." ஆமாம், இருந்தது, கொட்டைத் தோலின் கறை, சோப்புப் போட்டாலும் ஒரு மாதம் போகாது. கட்டைவிரலை வைத்தாள். அவர் காட்டிய இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி, அந்த நீல மையின்மேல், பத்தொன்பதும் ஆகஸ்டும் வரையும் எல்லாம் மறையும்படி. கெஸால் டீத் தம்ளரோடு எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள், மூச்சு கழுத்தில் பட்டது, "என்னம்மா அது, எங்க, காட்டு" என்றாள். செவ்தின் நோட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நாஸே விரலை எடுக்கவில்லை. எடுத்தால் கெஸால் படித்துவிடுவாள், அவளுக்கு எழுத்து வேகமாக ஓடும், அவளுக்குக் கூட்டத் தேவையில்லை.